கழுகு கொண்டுவந்த மோதிரம்

என் சாமிக்கு, அம்மா எழுதுவது.

மெட்ராஸிலிருந்து நீ போட்ட கடிதத்தை அப்பா வாசலில் நின்றபடியே இரண்டு தரம் படித்தார். ஆபீஸ் வேலையை விட்டுவிட்டாய் என்ற இடத்தில் அவர் முகம் சுருங்கியது. டி.வி.க்குத் தொடர் எழுதுகிறவர்களோடு சேரப் போகிறாய், பழைய மாயாஜாலக் கதை ஒன்றை வாரா வாரம் வருகிற மாதிரி மாற்றி எழுதுவதுதான் முதல் வேலை என்ற இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். சாயங்காலம் காபி கொடுக்கும்போது, "அதுல மந்திரவாதி வாரானான்னு கேட்டு எழுது" என்றார். அவர் சம்மதித்துவிட்டார் என்று வைத்துக்கொள்.

கடிதத்தின் கடைசியில் நீ என்னிடம் ஒன்று கேட்டிருந்தாய். நம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தோறும் தெருவே உட்கார்ந்து தொடர் பார்த்ததே, ஜனங்களுக்கு எது பிடிக்கும் என்று நீங்கள் சொல்லுங்கள் என்று. எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது சாமி. எங்கே அவர்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். அந்தக் கோபத்திலிருந்து நம் வீட்டில் என்னென்ன நடந்தது என்பதும் தெரியும். நீ அப்போது கோயமுத்தூர் ஹாஸ்டலில் இருந்தாய். லீவுக்கு வந்தபோது பார்த்தது கொஞ்சம், உன் சரசு அத்தை விஷயமாக அரைகுறையாகக் காதில் விழுந்தது கொஞ்சம். இரண்டும் ஒரே கதை என்று உனக்குத் தெரிந்திருக்காது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

அப்பா லாரியில் லோடு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது விழுந்து தொடை எலும்பு முறிந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். இந்தூர், நாக்பூர் என்று ஓடிக்கொண்டிருந்த மனுஷன் மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்தார். வீட்டில் இருந்து பழக்கமில்லாதவர், பல்லியைப் பார்த்துக்கூடப் பேச ஆரம்பித்துவிட்டார். அவருக்காகத்தான் அந்தக் கறுப்பு வெள்ளை டி.வி.யை வாங்கினோம். சங்ககிரியில் நம் தெருவில் அதுதான் முதல் டி.வி. காற்றடித்தால் ஆன்டெனா திரும்பிக்கொள்ளும். மொட்டைமாடிக்கு ஓர் ஆள் ஏறி, "இப்பத் தெரியுதுங்களா? இப்ப?" என்று கத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தியில் ஒரு ராஜா ராணித் தொடர் வந்தது. படம் எல்லோருக்கும் தெரிந்தது. பேச்சுதான் எங்களுக்குப் புரியவில்லை. அப்பாவுக்கு மட்டும் புரிந்தது.

புரிந்தது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவருடைய இந்தி வடக்கே ஓட்டல்காரர்களோடும் செக்போஸ்ட் ஆட்களோடும் பேசிப் பழகியது. அரண்மனையில் ராஜா பேசுகிற இந்தியில் பாதிதான் அவருக்கு எட்டும். மீதியை அவர் முகங்களைப் பார்த்துச் சொன்னார். ஆனால் எப்படிச் சொன்னார் தெரியுமா? கட்டிலில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு, ராஜாவுக்கு ஒரு குரல், மந்திரிக்கு ஒரு குரல். "அடேய், என்ற கோட்டைக்குள்ள வந்துட்டு உசுரோட போயிருவியாடா?" என்று அந்த வடநாட்டு ராஜா நம் பேச்சில் உறுமினால் கூடத்தில் ஒரு சத்தம் இருக்காது. வெங்காய மண்டிக்காரர் குடும்பம், தறிக்காரர் குடும்பம், எதிர் வீட்டு சுலோச்சனா டீச்சர் எல்லோரும் இருப்பார்கள். டீச்சர் தன் வீட்டில் இந்தி டியூஷன் எடுத்தவர். அவருக்கு அந்த இந்தி முழுக்கப் புரியும். ஆனாலும் அப்பா சொல்வதைத் திருத்த மாட்டார். "நீங்க சொல்றதுதானுங்க நல்லா இருக்குது" என்று சிரிப்பார்.

அந்தத் தொடரில் மேகமாலா என்று ஒரு மந்திரி மகள். குதிரை ஏறுவாள், வில் பிடிப்பாள், எதிரி நாட்டு இளவரசனை முதல் வாரமே சேற்றில் தள்ளிவிட்டாள். எங்கள் எல்லோருக்கும் அவள் மேல்தான் கண். ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று மேகமாலாவாக வேறு ஒருத்தி வந்து நின்றாள். வேறு மூக்கு, வேறு உயரம். கூடமே அப்பாவைத் திரும்பிப் பார்த்தது. நடித்த பெண்ணுக்குக் கல்யாணமோ என்னவோ, ஆளை மாற்றியிருக்கிறார்கள். அப்பா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "மந்திரவாதி அவ மூஞ்சிய மாத்திப்போட்டான்" என்றார். சரி என்று எல்லோரும் மூச்சு விட்டோம். தறிக்காரர் மனைவி மட்டும், "ஏனுங்க, மூஞ்சி மாறுன புள்ளயப் பாத்து அவுங்கப்பன் ஒண்ணுமே கேக்கலீங்களே?" என்றாள். "அவனுக்கும் கண்ணுக்கட்டு வித்தை போட்டாச்சுங்க அம்மிணி." இப்படியே போனது. புது மேகமாலாவுக்குக் குதிரை ஏறத் தெரியவில்லை போலிருக்கிறது. அதற்குப் பிறகு அவள் பல்லக்கில்தான் போனாள். அதற்கும் அப்பா ஒரு சாபத்தைக் கண்டுபிடித்தார்.

எனக்கு அப்போதெல்லாம் ஒரு வேடிக்கையான யோசனை ஓடும். கதை எழுதுகிறவர்கள் விட்ட ஓட்டையை இவர் அடைக்கிறார், நாங்கள் நம்புகிறோம். ஏன் நம்புகிறோம்? எங்களுக்கு மேகமாலா வேண்டும். அவளுக்காக ஒரு காரணத்தை யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தோம். நீ எழுத உட்காரும்போது இதை நினைத்துக்கொள். பார்க்கிறவர்கள் உன் எதிரிகள் இல்லை. உனக்காகப் பாதி வேலையை அவர்களே செய்துவிடுவார்கள். அந்த நல்ல மனதை நம்பி நீ வேலையை விட்டுவிடக் கூடாது.

அந்தச் சமயத்தில்தான் சரசு அத்தை திருச்செங்கோட்டிலிருந்து ஒரு பையோடு வந்து இறங்கினாள். அப்பாவுக்கு அவள் ஒரே தங்கை. ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிற போர் வண்டி வைத்திருக்கிற குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். உன் மாமா வண்டியோடு மத்தியப் பிரதேசம், ஆந்திரா என்று போனால் மழைக்காலத்துக்குத்தான் திரும்புவார். அத்தை கல்யாணமாகிப் போனபோது வாயைத் திறந்து தண்ணீர் கேட்கவும் கூச்சப்படுகிற பெண். ஆடிக்கும் பொங்கலுக்கும் வருவாள், அடுப்படியில் இருப்பாள், போவாள். அவள் வந்து, "இனி நான் அங்க போகலீங்கண்ணா" என்றதும் அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடித்தார்களா? இல்லை. மாமாவுக்கு வேறு பழக்கம் ஏதாவது? இல்லை. அதற்கு மேல் அவள் சொல்லவும் இல்லை. ஊரில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார்கள். பிள்ளை இல்லாத ஏக்கம் என்றார்கள். "அந்தப் புள்ளயா இப்படி? திடீர்னு இப்படி மாறிப்போச்சே" என்று வெங்காய மண்டிக்காரர் என்னிடமே சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தையும் கூடத்தில் வந்து பின்னால் உட்காருவாள். கழுகு வந்த ஞாயிற்றுக்கிழமையும் இருந்தாள். அன்றைக்கு நடந்தது இது. இளவரசன் மேகமாலாவின் அப்பாவைச் சிறையில் போட்டிருக்கிறான். அவள் அவனைக் கொல்லப் போகிறாள் என்று வாரக்கணக்கில் காத்திருந்தோம். வானத்திலிருந்து ஒரு கழுகு வருகிறது. அதன் வாயில் ஒரு மோதிரம். மோதிரம் அவள் மடியில் விழுகிறது. எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். சிரிக்கிறாள். அடுத்த காட்சியில் இளவரசனுக்குப் பக்கத்தில் மணக்கோலத்தில் நிற்கிறாள்! கூடத்தில் ஒரே கூச்சல். "அந்தக் கழுகு எங்கிருந்துங்க வந்துச்சு?" "அதுக்கு மோதிரம் ஆரு குடுத்தா?" "அப்பன் செயில்ல கெடக்குறான், இவ மாலை போட்டுக்கறாளா?" எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். "மோதிரத்துல வசியமுங்க" என்றார் கடைசியில். முதல் தடவையாக அவர் சொன்னதை ஒருவரும் வாங்கிக்கொள்ளவில்லை. "போங்க, நீங்களும் அவிங்களோட சேந்துட்டீங்க" என்று தறிக்காரர் மனைவி எழுந்து போய்விட்டாள்.

சுலோச்சனா டீச்சர்தான் அப்போது பேசினார். இந்தத் தொடர் ஒரு பழைய இந்தி நாவலிலிருந்து எடுத்தது, அவர் அதைப் படித்திருக்கிறார் என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். "புஸ்தகத்துல கழுகே கெடையாதுங்க" என்றார். "மேகமாலா அவனைக் கொல்லத்தான் வேஷம் போட்டுட்டு அவன் கோட்டைக்குள்ள போறா. அங்க ஒரு வருஷம் இருக்கறா. அவன் எப்படிச் சாப்பிடறான், ஆருகிட்ட எப்படிப் பேசறான், எதுக்குப் பயப்படறான்னு பாத்துக்கிட்டே இருக்கறா. அப்பனைப் பத்தியும் அங்க சில விஷயம் தெரிய வருது. கொஞ்சங்கொஞ்சமா மாறறா. படிக்கிற நமக்கே எப்ப மாறுனான்னு தெரியாது. இவிங்க அந்த நடுப்பாகத்தைப் பூராவும் வெட்டிட்டு ஒரு கழுகைப் பறக்க உட்டுட்டாங்க."

அப்பாவுக்கு ஆச்சரியம். "அப்ப அவ செஞ்சது சரிங்களா டீச்சர்?" "சரியோ தப்போ, படிக்கறப்ப அவ அதைத்தான் செய்வான்னு தோணுமுங்க." கூடம் கலைந்தது. எல்லோரும் போன பிறகு அத்தை பாயைச் சுருட்டிக்கொண்டே யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "நடுப்பாகத்தைப் படிச்சவங்க ஒருத்தராவது இருக்கறாங்களே, அந்த மேகமாலா குடுத்து வெச்சவ."

எனக்கு அது சுருக்கென்றது. மத்தியானம் இருவரும் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். நான் அவளிடம் கேட்டேன். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை சாமி. அதை எல்லோரும் கேட்டாகிவிட்டது. "போன பொங்கலுக்கும் இந்த ஆடிக்கும் நடுவுல அங்க என்ன பண்ணிட்டிருந்தே அம்மிணி?" என்று கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கடலை உரிப்பதை நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்தாள். நாலு மணி டீக்கு அடுப்புப் பற்ற வைக்கும் வரை நிறுத்தவே இல்லை.

மாமா வடக்கே போன பிறகு வீட்டுப் போனுக்கு ட்ரங்க் கால் வரும். முதலில் மாமனார் எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது மந்தமானதும் அத்தை எடுக்க ஆரம்பித்தாள். கம்ப்ரசர் நின்றுவிட்டது, இன்ன சாமான் வேண்டும் என்று அங்கிருந்து மேனேஜர் கத்துவார். அத்தை எழுதிக்கொண்டு போய்ப் பட்டறையில் கேட்டு வாங்கி, நாக்பூர் போகிற லாரி எது என்று விசாரித்து அனுப்பி வைப்பாள். எந்தச் சாமானுக்கு என்ன பெயர், எந்த டிரைவர் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்ப்பான், எந்த ஏஜெண்ட் பொய் சொல்கிறான் எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. வண்டியில் வேலைக்குப் போன பையன்களின் வீட்டுக்காரர்கள் தகவல் கேட்டு இவளிடம்தான் வருவார்கள். "வண்டி அங்க ஓடுதுன்னா அது என்ற காதுக்குள்ள ஓடுச்சுங்க நங்கை" என்றாள் அண்ணியான என்னிடம். இரண்டு மூன்று வருஷம் இப்படி. நமக்கு ஒன்றும் தெரியாது. நாம் ஆடிக்கும் பொங்கலுக்கும் பார்த்த பெண் அடுப்படியில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள்.

அப்புறம் மாமாவின் தம்பி காலேஜ் முடித்துவிட்டு வந்தான். போனை அவன் மேஜைக்கு மாற்றினார்கள். மழைக்கு ஊர் வந்திருந்த மாமா அவளிடம், "இனி நீ சிரமப்பட வேண்டாம், நிம்மதியா இரு" என்றாராம். நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார். அவர் மறுபடி வடக்கே போனதும் ஒரு ட்ரங்க் கால் வந்தது. அத்தை பழக்கத்தில் ஓடிப்போய் நின்றாள். கொழுந்தன் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான். அவள் அந்த அறையை விட்டு வெளியே போகும் வரை பொத்திய கையை எடுக்கவில்லை. அன்றைக்கு மத்தியானமே பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். "இதைப் போயி ஆருகிட்டச் சொல்றதுங்க நங்கை? போனைப் பொத்துனான்னு ஊட்டை உட்டு வந்துட்டேன்னா சிரிக்க மாட்டாங்களா?"

தகவல் கேட்டு வடக்கேயிருந்து திரும்பிய மாமாவும் அவருடைய அப்பாவும் பேச்சுவார்த்தைக்கு வந்தபோது அப்பா ஊன்றுகோலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அத்தை சொன்னதையெல்லாம் நான் அவரிடம் சொல்லியிருந்தேன். அவருக்கு அது புரிந்தது, ஆனால் சபையில் சொல்கிற காரணமாகத் தெரியவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை பழக்கத்தில், மாமாவின் அப்பாவைப் பார்த்து ஓர் ஓட்டையை அடைத்தார். "அம்மிணிக்குக் கொஞ்ச நாளா வயித்து வலிங்க மாமா. சொல்றதுக்குக் கூச்சப்பட்டுட்டு வந்துட்டா. இப்பத் தேவலை." நீ அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும். எல்லோர் முகமும் ஒரே நேரத்தில் மலர்ந்தது. பெரியவர், "அட, இத சொல்லியிருந்தா நாங்களே டாக்டரக் காட்டியிருப்பமுங்களே" என்றார். மாமா சிரித்துக்கொண்டே அத்தையின் பை எங்கே என்று பார்த்தார். எனக்கே மனதுக்குள் ஒரு நிம்மதி. காரியம் சுலபமாக முடிந்துவிட்டது. யாருக்கும் தலைகுனிவு இல்லை. டீ வைக்க எழுந்தேன்.

"எனக்கு வயித்து வலி இல்லீங்" என்றாள் அத்தை கதவோரத்திலிருந்து.

அப்பா திரும்பி, "சும்மா இரு அம்மிணி" என்றார் மெதுவாக. "இல்லீங்கண்ணா. நீங்க சொன்னபடி போனேன்னா, அங்க போயி வயித்து வலிக்காரியாத்தான் இருக்கோணும்." பிறகு மாமாவைப் பார்த்துப் பேசினாள். போன், சாமான், பொத்திய கை, எல்லாம். கடைசி வரை நிறுத்தவில்லை. மாமாவின் நெற்றி சுருங்கியது. "நாக்பூர்ல கம்ப்ரசர் நின்னப்ப மறுநாளே சாமான் லாரி ஏறிருச்சே, அது நீயா?" "பின்ன ஆருங்க?" அவர் தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவள் போன் எடுக்கிறாள் என்பது மட்டும்தான் மாமாவுக்குத் தெரியும். மற்றதெல்லாம் தன் அப்பா செய்ததென்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் பக்கத்திலும் ஒரு நடுப்பாகம் வெட்டுப்பட்டிருந்தது. அன்றைக்கு ஒன்றும் முடிவாகவில்லை. டீயைக் குடிக்காமலே போய்விட்டார்கள். "நான் ஒரு வழி பண்ணுனேன், நீ கெடுத்துட்டே" என்று அப்பா இரண்டு நாள் தங்கையோடு பேசவில்லை.

இதுவே தொடராக இருந்தால் அடுத்த வாரம் வடக்கே வண்டி நின்றுபோய், கொழுந்தனுக்கு ஒன்றும் தெரியாமல் முழித்து, மாமா ஓடிவந்து அத்தையின் கையைப் பிடித்திருப்பார். அப்படி எதுவும் நடக்கவில்லை. வண்டி ஓடியது. கொழுந்தன் வேலையைக் கற்றுக்கொண்டான், நன்றாகவே செய்தான். அத்தை நம் ஊரிலேயே ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் போன் எடுக்கிற வேலைக்குப் போனாள். மாமாவுக்கு இன்னொரு பெண் பார்க்கிறார்கள் என்று பேச்சு வந்தது. அந்த மாதங்களில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை, ஆனாலும் வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை. அடுத்த மழைக்கு மாமா தனியாக வந்தார். கூடத்தில் உட்கார்ந்து அப்பாவின் காலை விசாரித்தார், போனார். மறு வாரமும் வந்தார். பிறகு அவளுடைய ஆபீஸ் வாசலில் நின்று ஏதோ பேசிவிட்டுப் போவதாகக் கேள்விப்பட்டேன். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு மழைக்காலம் முழுக்க இப்படியே போய், அதற்கும் அடுத்த மழைக்குத்தான் திருச்செங்கோடு டவுனில் தனியாக இரண்டு அறை வீடு பார்த்திருப்பதாகவும், ஒரு வண்டியைத் தன் பொறுப்பில் பிரித்துக்கொண்டதாகவும், போன் கனெக்ஷனுக்கு எழுதிக் கொடுத்திருப்பதாகவும், அது எப்போது வரும் என்று கடவுளுக்குத்தான் தெரியும் என்றும் சொன்னார். இன்றைக்கும் அவர்கள் இருவரும் நன்றாகச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.

ஆகவே சாமி, உன் மேஜையில் யாராவது நேரம் போதாது, நடுவில் இருப்பதை எடுத்துவிடு என்று சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கும் அவரவர் கஷ்டம் இருக்கும், நடிக்கிற பெண்ணுக்குக் கல்யாணம் வரும், குதிரை கிடைக்காது. எதை வேண்டுமானாலும் எடு. ஒருத்தி மாறுகிறாள் என்றால் அவள் மாறிய நாட்களை மட்டும் எடுக்காதே. எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அந்த நாட்களில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று நீயாவது தெரிந்துவைத்துக்கொள். ஒரு வரி எழுதாவிட்டாலும் அது எப்படியோ அவள் நடையில் தெரிந்துவிடும் என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான். எழுதிப் பார்த்துவிட்டு நீ எனக்குச் சொல்ல வேண்டும்.

அத்தை கிளம்பிய அன்றைக்கு நான் அவளை பஸ் ஏற்றிவிடப் போனேன். காரணத்தையெல்லாம் தெரிந்துகொண்டுவிட்ட தைரியத்தில், எனக்குத் தெரிய வேண்டிய கடைசி ஒன்றையும் கேட்டேன். "போன வருஷம் அவர் வந்து நின்னப்பப் போகலே. இப்பவும் போன் வரல, ஊடும் வாடகை ஊடு. இப்ப மட்டும் ஏன் அம்மிணி போறே?" ஈரோடு பஸ், சேலம் பஸ் எல்லாம் வந்து போயின. அவள் நிஜமாகவே யோசித்தாள். எனக்காக ஒரு பதிலைத் தேடிப் பார்த்தாள். திருச்செங்கோடு பஸ் வந்து நின்றது. படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"தெரியலீங்க நங்கை" என்றாள். "போயிப் பாத்துட்டுச் சொல்றேன்."